மூன்றாவது படத்தின் நிறம்

தலையைச் சாய்த்து வைங்க. இன்னும் கொஞ்சம். வெளிச்சம் நேராக உதட்டில் விழ வேண்டும், அதற்குத்தான். ஃபேனை நிறுத்திவிட்டேன், வேர்த்தால் கையைத் தூக்குங்க. வாயால் சொல்ல வேண்டாம். உதட்டு வேலை முடிகிறவரை நீங்க பேசக் கூடாது, பேசினால் ஓரம் கலங்கிவிடும். நான் பேசுவேன். பேசிக்கொண்டே செய்தால்தான் எனக்குக் கை ஓடும்.

முதலில் இந்தப் பஞ்சால் ஒரு துடை. இதோ, லேசாக ரோஸ் வருகிறது. காலையில் ஏதோ போட்டிருக்கீங்க. சரி, வந்தால் நல்லதுதான். பஞ்சைப் பார்க்காமல் இப்போதெல்லாம் யாருக்கும் நான் ஆரம்பிப்பதில்லை. இடையில் வந்த பழக்கம்.

படியேறி வந்ததும் வராததுமாக அந்தப் போர்டைக் காட்டி, மூன்றாவது படம் மாதிரி வேண்டும் என்று சொன்னீங்க. எல்லாரும் அதைத்தான் காட்டுகிறார்கள். தை மாதம் கல்யாணம், ரிசப்ஷனுக்குச் சாம்பல் கலர் பட்டு, உதட்டுக்கும் அதே சாம்பல். உங்க அம்மா போனிலேயே சொல்லிவிட்டார்கள். அதற்காகத்தான் இன்றைக்கு இந்த ட்ரையல். ஆனால் நீங்க அந்தப் படத்தில் இருக்கிற நிறம் இல்லை. கோவித்துக்கொள்ளாதீங்க, தொழில்காரி பேச்சு அப்படித்தான் இருக்கும். நீங்க முதல் படத்து நிறம்.

கண்ணாடியிலேயே பாருங்க, கீழே வாசலில் இருக்கிற போர்டையே பின்சுவரிலும் மாட்டியிருக்கிறேன், தெரிகிறதா? மூன்று படம். கறுப்பு, மாநிறம், வெளுப்பு. கீழே எழுதியிருக்கிறேன் பாருங்க, ‘எந்த நிறத்துக்கும் சாம்பல் எடுக்கும்’ என்று. கனி பியூட்டி கேர், திசையன்விளை. என் பேர் ராஜகனி, அதில் பாதியை எடுத்து வைத்தது. இந்த ஊரில் சாம்பலை உதட்டில் முதலில் போட்டது நான்தான். உதட்டில் போய் யாராவது சாம்பல் பூசுவார்களா, எழவு வீட்டு நிறம் என்று எத்தனை பேர் சிரித்தார்கள். இப்போது அவர்கள் பெண்களே வருகிறார்கள்.

சாம்பல் போடத் தெரிந்து போட வேண்டும். சிவப்பு யார் உதட்டிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். சாம்பல் அப்படி இல்லை, தோலைக் கேட்டுத்தான் உட்காரும். கறுப்புத் தோலில் வெளிர் சாம்பலைப் போட்டால் மாவில் வாய் வைத்த மாதிரி இருக்கும். அதற்குப் பென்சில் கரியின் அடர்த்தி வேண்டும், உள்ளே துளி நாவல்பழ நிறம் இருக்க வேண்டும், ஓரத்தைக் காப்பி நிறத்தில் கட்ட வேண்டும். மாநிறத்துக்குப் புறாக் கழுத்துச் சாம்பல், அடியில் கொஞ்சம் ரோஸ். நல்ல வெளுப்புக்கு வெள்ளிச் சாம்பல். ஆனால் முதலில் சிவப்பை ஒரு பூச்சுப் பூசி, ஒற்றி எடுத்துவிட்டு அதன்மேல் போட வேண்டும். அடியில் சிவப்பு இல்லாமல் போட்டால் சீக்காளி மாதிரி ஆகிவிடும்.

வாயை லேசாகத் திறங்க. அப்படியே.

உங்களிடம் ஒன்று சொல்கிறேன், வெளியில் சொல்ல வேண்டாம். அந்த மூன்று படமும் ஒரே பெண்.

பார்த்தீங்களா, கண் எப்படி விரிகிறது. புதிதாக வருகிற யாருக்கும் தெரியாது. தலைமுடியை மாற்றி, கம்மலை மாற்றி எடுத்தது. என் நாத்தனார். இவருடைய தங்கச்சி, பொன்செல்வி. நான் வாக்கப்பட்டு வரும்போது ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். தாய் தகப்பன் கிடையாது. சடை போட்டுவிட்டது நான், வயதுக்கு வந்தபோது தண்ணீர் ஊற்றியது நான். மதினி மதினி என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தாள். படித்து முடித்து இங்கேயே என்னோடு நின்றுவிட்டாள். புருவம் எடுப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரி.

நல்ல கறுப்பு. முகவெட்டு எல்லாம் லட்சணம்தான், ஆனால் கறுப்பு. பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போய் போன் செய்வதில்லை. ஒரு வீட்டுக்காரி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, மதினிக்காரி பார்லர் வைத்திருக்கிறாளாம், சொந்த வீட்டில் வேலையைக் காட்ட முடியலையாக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே நினைத்துப் பாருங்க. தொழில் செய்கிறவளை அப்படிச் சொல்லலாமா?

போர்டு வைக்க வேண்டும் என்று நினைத்தது அப்போதுதான். பஜாரில் இருக்கிற பார்லர்க்காரி சென்னை மாடல் படத்தை வைத்திருந்தாள். நான் நம் ஊர் முகத்தை வைக்கலாம் என்று பார்த்தேன். ஆனால் யார் தருவார்கள்? கல்யாணம் ஆகாத பெண்ணின் படத்தைப் போர்டில் வைத்தால் வரன் வராது என்பார்கள். கல்யாணம் ஆனவளுக்குப் புருஷன் விடமாட்டான். கடைசியில் நம் வீட்டுப் பெண்தான் என்று செல்வியை உட்கார வைத்தேன்.

அது பங்குனி மாதம். முதல் படம் அப்போது எடுத்தது. படம் பிடித்தது ஸ்டுடியோ அகஸ்டின். கரிச் சாம்பலைப் போட்டு ஓரம் கட்டி, மஞ்சள் சேலையில் உட்கார வைத்தேன். அவளுக்கோ ஒரே சிரிப்பு. “நல்ல வேளை மதினி, பல்லு இருக்கு. இல்லைன்னா அகஸ்டின் அண்ணன் போட்டோல ஆளைத் தேடணும்” என்றாள். அவர் சிரிக்கவில்லை. எடுத்ததைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். “கனியக்கா, வேற படமே வேண்டாம். இதையே பெருசாப் போடுங்க” என்றார். ஆம்பிளைக்கு என்ன தெரியும். இந்தப் படத்தைப் பார்த்து யார் படியேறுவார்கள்?

மாநிறத்துக்கும் வெளுப்புக்கும் ஆள் வேண்டுமே. அப்போதுதான் தோன்றியது, அவளையே அந்த நிறத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று. போர்டும் ஆச்சு, அவளுக்கு ஒரு வழியும் ஆச்சு.

என்னிடம் ஒரு க்ரீம் உண்டு. டப்பாவில் பேர் கிடையாது, வெள்ளை டப்பா, பச்சை மூடி. மும்பையிலிருந்து ஒருத்தர் மூலமாக வரும். அதோடு சிலதைச் சேர்த்து நான் கலக்குவேன், அளவு என் கைக்குத்தான் தெரியும். படுக்கப் போகுமுன் முகம், கழுத்து, கை. செல்விக்கு நான்தான் போட்டுவிடுவேன். அவளை நம்பி விட்டால் மறந்துவிட்டுத் தூங்கிவிடுவாள். கன்னத்தில் தேய்க்கத் தேய்க்க, எரியுது மதினி என்பாள். எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்பேன்.

ஆடியில் மாநிறம் வந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாம், ஏளா செல்வி, என்ன இப்படி மாறிட்டே என்று கேட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாவது படம் அப்போது எடுத்தது. புறாக் கழுத்துச் சாம்பல். அகஸ்டின் அவளைப் பார்த்துவிட்டு, என்ன தங்கச்சி, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஒரு நாளும் ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டார்.

அப்புறம் அவளுக்குச் சதை பிடிக்க ஆரம்பித்தது. அதுவரை ஒட்டின கன்னம், கோடு மாதிரி இருப்பாள். காலையில் எழுந்து வந்தால் முகம் பூரித்துக் கிடக்கும், கண்ணுக்குக் கீழே நல்ல பொம்மல். பொலிவு வந்துவிட்டது என்று இவரிடம் சொன்னேன். மேக்கப்பில் கன்னத்துக்கு நிழல் கொடுத்துச் சரிசெய்துவிடலாம், எனக்கு அது பெரிய வேலையே இல்லை. சோம்பல்தான் அதிகமாகிவிட்டது. புருவம் எடுக்கும்போது பாதியில் உட்கார்ந்துவிடுவாள். படியேறினால் மூச்சு வாங்கும். ஒரு நாள், பாத்ரூம் போனால் நுரையா வருது மதினி என்றாள். சோப்புப் போட்டுக் கழுவின இடத்தில் நுரை வராமல் என்ன வரும் என்றேன்.

மேலுதடு, கீழுதடு, இரண்டையும் சேர்த்து ஒரு தடவை அழுத்துங்க. போதும்.

ஐப்பசியில் மூன்றாவது படம். நீங்க கேட்கிற படம். அன்றைக்கு அவள் அவ்வளவு வெளுப்பு. நான் பூசியது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் அவள் தோல். முறைப்படி முதலில் உதட்டில் சிவப்பைப் போட்டேன். போட்டுவிட்டுத் திரும்பி வெள்ளிச் சாம்பலை எடுப்பதற்குள் சிவப்பைக் காணோம். அடியிலிருந்து ஏதோ ஒன்று அதைத் தின்றுவிடுகிறது. போடப் போட அப்படியே. இத்தனை வருஷத்தில் எந்த உதட்டிலும் நான் அப்படிப் பார்த்ததில்லை. கடைசியில் சிவப்பே வேண்டாம் என்று சாம்பலை நேராகப் போட்டேன். அப்படிப் பொருந்தியது. உதடு எது, நிறம் எது என்று பிரிக்க முடியவில்லை. நான் போட்டது உதட்டின் மேல் உட்கார்ந்த மாதிரியே இல்லை, உள்ளேயிருந்து வந்த மாதிரி இருந்தது. நல்லா பாருங்க, இப்போதும் தெரியும்.

அகஸ்டின் இந்தத் தடவை பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நாகர்கோவில் சம்பந்தம் வந்தது. பையன் மின்சார வாரியத்தில் வேலை. அவன் அம்மா வந்து பார்த்துவிட்டு, படத்தில் இருப்பதைவிட வெளுப்பாக இருக்கிறாளே என்றாள். காப்பி குடித்துவிட்டுப் போனவள் அன்றைக்கே போன் செய்தாள். கார்த்திகையில் நிச்சயம், தையில் கல்யாணம். இவர் கீழே எங்க பாத்திரக் கடையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார், சந்தோஷத்தில். செருப்பை மாட்டிக்கொண்டே பேசிவிட்டுப் போனாளே, அவள் தெருவுக்கு நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

நிச்சயத்தன்றைக்குச் செல்விக்குக் கால் செருப்புக்குள் நுழையவில்லை. கொலுசு கெண்டைக்காலில் பதிந்து பள்ளம் விழுந்திருந்தது. சேலை மறைக்கும் என்று சொல்லி உட்கார வைத்தேன். உட்கார்ந்தாள். என்ன சொன்னாலும் கேட்கிற பெண். மாப்பிள்ளையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு என் காதில், “மதினி, அவரு என்னைவிடக் கறுப்பா இருக்காரு. அவருக்கும் ஒரு டப்பா குடுத்துரலாமா” என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்குச் சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

அந்த வாரமே ஆஸ்பத்திரி. திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரி. கிட்னி வழியாகச் சத்தெல்லாம் ஒழுகுகிறது என்றார்கள், தண்ணீர் உடம்பில் தேங்குகிறது என்றார்கள். ஏன் என்று தெரியவில்லையாம். சின்ன வயசு டாக்டரம்மா, நல்ல மாதிரிதான். கட்டிலில் உட்கார்ந்து செல்வியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல் கணு மட்டும் கறுப்பாக இருக்கும், அங்கே மட்டும் க்ரீம் எடுக்காது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்.

“முகத்துக்கு ஏதாவது க்ரீம் போடுறீங்களா? பார்லர்ல குடுக்கறது, பார்சல்ல வாங்கறது, எதுவானாலும் சொல்லுங்க. திட்ட மாட்டேன். தெரிஞ்சா வைத்தியம் பண்ணிரலாம்.”

செல்வி என்னைப் பார்த்தாள்.

நான் சொன்னேன், “மஞ்சளும் பயத்தமாவும்தான் டாக்டர். எங்க வீட்ல வேற எதுவும் தொடமாட்டோம்.”

டாக்டரம்மா விடவில்லை. நீங்க சொல்லுங்க பொன்செல்வி என்றாள்.

“மதினி சொன்னதுதான்” என்றாள் அவள்.

அப்படி ஒரு பெண். தொழில் ரகசியம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்கு டாக்டரிடம் சொன்னால் நாளைக்கு நர்ஸுக்கெல்லாம் தெரியும், மறுநாள் பஜார் பார்லர்க்காரிக்குத் தெரியும். அது மட்டும் இல்லை. டாக்டர்மார் எதையும் நிறுத்து என்றுதான் சொல்வார்கள். அந்த க்ரீமைப் பாதியில் நிறுத்தினால் முன்னைவிடக் கறுத்துவிடும், அது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியுமா? கல்யாணப் பந்தலில் கறுப்பாகக் கொண்டுபோய் நிறுத்தவா? கிட்னிக்கு மருந்து அவர்கள் பார்க்கட்டும், முகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் விட்டதில்லை. கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, முகத்தைத் துடைத்து, க்ரீமைப் போட்டுவிடுவேன். கைப்பையில் டப்பாவைக் கொண்டே போயிருந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். எரியுது என்றுகூடச் சொல்லவில்லை அப்போதெல்லாம். பக்கத்துக் கட்டில்காரி, நாத்தனாரை இப்படிப் பார்க்கிற மதினியை எங்கேயும் பார்த்ததில்லை என்று சொன்னாள்.

ஒரு நாள் என் போனை வாங்கி, படங்களைத் தள்ளித் தள்ளி முதல் படத்துக்குப் போனாள். பங்குனியில் எடுத்தது. பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

“இவ நல்லாத்தான இருக்கா மதினி” என்றாள்.

உடம்பு முடியாதபோது ஏதாவது சொல்வார்கள். போனை வாங்கி வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தக்காரி ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தாள். எனக்கு உள்ளே பயம்தான், கல்யாணத்தைத் தள்ளிப் போடச் சொல்வாளோ என்று. அவள் செல்வியின் நாடியைத் தொட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்தும் எப்படி வெளுப்பாக இருக்கிறாள் பாரு என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நான் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

மறுநாள் காலையில் செல்விக்கு நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தது. மூச்சு இழுத்து இழுத்து விட்டாள். நர்ஸ் வந்து பார்த்தவள் அவளைப் பார்க்காமல் என்னைத்தான் முறைத்தாள். ஆஸ்பத்திரியில் லிப்ஸ்டிக் என்ன கேடு, உதட்டு நிறம் பார்க்க வேண்டாமா என்று சத்தம் போட்டுக்கொண்டே பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தாள். பஞ்சு வெள்ளையாக இருந்தது. திருப்பிப் பிடித்து அழுத்தித் துடைத்தாள். அப்போதும் வெள்ளைதான். நான் ஒன்றும் போட்டிருக்கவில்லை. க்ரீம்தான் போடுவேனே தவிர ஆஸ்பத்திரியில் லிப்ஸ்டிக் போட எனக்குப் பைத்தியமா?

நர்ஸ் அந்தப் பஞ்சைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள். பஞ்சைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

நான் அங்கேயே நின்றேன். எனக்கு அந்த நிறம் தெரிந்தது. வெள்ளிச் சாம்பல். ஐப்பசியில் உள்ளேயிருந்து வந்த மாதிரி இருந்தது என்று சொன்னேனே, அதே நிறம். ஒரு சொட்டு வித்தியாசம் இல்லை. அது ஏன் அப்போது எனக்குத் தோன்றியது என்று தெரியவில்லை. நிறத்தையே பார்த்துப் பழகின கண்.

ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

வேர்க்கிறதா? ஃபேனைப் போடவா? கையைத் தூக்கினால்தானே தெரியும்.

வீட்டில் கொண்டுவந்து கிடத்தினபோது, கட்டிக்கொடுக்க வேண்டிய பெண்ணாயிற்றே என்று நிச்சயச் சேலையை உடுத்தினேன். கடைசியாக ஒரு பூச்சாவது பூசிவிடலாம் என்று பெட்டியைத் திறந்தேன். இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தங்கச்சி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஊர்ப் பெண்ணைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“ஏட்டி கனி, நம்ம செல்வி கறுப்புல்லா” என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். என்னிடம் கேட்டாரா, அவளிடம் கேட்டாரா தெரியாது. நான் பெட்டியை மூடிவிட்டேன்.

அதிலிருந்து அவர் இந்த மாடிக்கு வருவதில்லை. கீழே கடைக்குக்கூடப் பின்வாசல் வழியாகத்தான் போகிறார், முன்னால் வந்தால் போர்டு தெரியுமாம். எப்போதாவது சாப்பிடும்போது, அதை இறக்கு என்பார். வேறு பேச்சு கிடையாது. நான் இறக்கவில்லை. நீங்களே சொல்லுங்க, அதை இறக்கினால் நீங்க எதைப் பார்த்து வந்திருப்பீங்க? அவளை நாலு பேர் பார்த்து, இப்படி வேண்டும் என்று ஆசைப்படுவது அந்தப் படத்தில்தானே. இருக்கும்போது அதற்குத்தானே ஏங்கினாள்? அவருக்கு அது புரியவில்லை. எனக்கும் வருத்தம் இல்லாமல் இல்லை. என் கையால் வளர்ந்த பெண். விதி என்றுதான் சொல்ல வேண்டும், வேறு என்ன சொல்ல. நான் செய்யாத பண்டுவமா?

ஆச்சு. இப்போது பாருங்க கண்ணாடியில். கரிச் சாம்பல், உள்ளே நாவல், ஓரத்தில் காப்பி. உங்க நிறத்துக்கு எடுத்துத்தான் இருக்கிறது. ஆனால் முகம் வாடுகிறதே. நீங்க கேட்டது இது இல்லை, எனக்குத் தெரியும். மூன்றாவது படத்து நிறம் இந்தத் தோலில் வராது. தோலைக் கொண்டுவர வேண்டும். தைக்கு நாள் கிடக்கிறது, கொண்டுவந்துவிடலாம்.

இந்தாங்க. பச்சை மூடி, பேர் இருக்காது. படுக்கப் போகுமுன் முகம், கழுத்து, கை. விரல் கணுவில் எடுக்காது, அங்கே வீணாக்க வேண்டாம். எரிந்தால் பயப்படாதீங்க. போன வாரம் ஒருத்தி வந்து, கால் பொதபொதவென்று இருக்குக்கா என்றாள். கல்யாண வேலையில் அலைகிறாய், அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். இடையில் மட்டும் நிறுத்திவிடாதீங்க.

உங்க அம்மாவிடம்கூடச் சொல்ல வேண்டாம். யார் கேட்டாலும், டாக்டரே கேட்டாலும், மஞ்சளும் பயத்தமாவும் என்று சொல்லுங்க.